இரும்பின் மேல் என்ன நடக்கிறது?

ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் 1913-ல் ஓர் ஆலை ஓடத் தொடங்கியது. காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா தயாரிக்கும் ஆலை. உரமும் வெடிமருந்தும் அதிலிருந்து வந்தன. இந்த வினையைச் சாதித்ததற்காக ஃபிரிட்ஸ் ஹாபருக்கு 1918-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும், அதை ஆலையில் ஓட வைத்த கார்ல் போஷுக்கு 1931-ல் இன்னொரு நோபலும் கிடைத்தன. ஆனால் உலைக்குள் இருந்த இரும்பு வினையூக்கி எப்படி வேலை செய்கிறது என்பது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது.

அந்த வினையூக்கி கிடைத்த விதம் அப்படி. பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் அல்வின் மிட்டாஷின் குழு ஆயிரக்கணக்கான கலவைகளைப் போட்டுச் சலித்தது. ஸ்வீடனிலிருந்து வந்த மேக்னடைட் தாது ஒன்று எதிர்பாராமல் நன்றாக வேலை செய்தது. அதிலிருந்த கலப்புகள்தான் காரணம் என்று ஊகித்து, இரும்போடு கொஞ்சம் அலுமினாவும் பொட்டாசியமும் சேர்த்தார்கள். பலித்தது. ஏன் பலித்தது?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் கெர்ஹார்ட் எர்ட்ல். 1936-ல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர். இயற்பியல் படித்துவிட்டு, மியூனிக்கில் ஹைன்ஸ் கெரிஷரிடம் 1965-ல் முனைவர் பட்டம் பெற்றார். 1968-ல் ஹனோவரில் பேராசிரியர். 1973-ல் மீண்டும் மியூனிக்.

திடப்பொருளின் மேற்பரப்பை ஆராய்வது லேசான காரியமல்ல. துடைத்துச் சுத்தமாக்கிய உலோகத்தின் மேல் வாயு மூலக்கூறுகள் உடனே வந்து படியும். வளிமண்டல அழுத்தத்தை நூறு கோடியில் ஒரு பங்காகக் குறைத்தாலும், ஏறக்குறைய ஒரே நொடியில் மேற்பரப்பு மூடிவிடும். அதைவிடவும் ஆழமான வெற்றிடம் வேண்டும். குறைக்கடத்தித் தொழில் வளர்ந்ததோடு 1960-களில் அந்த வசதி கைக்கு வந்தது. எர்ட்ல் அதைப் பற்றிக்கொண்டார். எலெக்ட்ரான்களை உலோகப் படிகத்தின் மேல் பாய்ச்சி, அவை சிதறும் விதத்தை வைத்து அணுக்களின் அடுக்கைக் கணித்தார். முதலில் ஹைட்ரஜன், பிறகு அம்மோனியா.

அம்மோனியாவில் ஒரு பழைய சர்ச்சை இருந்தது. நைட்ரஜன் மூலக்கூறு முழுசாக இருக்கும்போதே ஹைட்ரஜன் அதில் ஒட்டுகிறதா, அல்லது அது இரும்பின் மேல் இரண்டு அணுக்களாக உடைந்த பிறகா? எர்ட்ல் இரும்பின் மேல் படிந்திருந்த நைட்ரஜன் அணுக்களை அளந்தார். ஹைட்ரஜனைச் செலுத்தியதும் அவற்றின் அளவு குறைந்தது. வினையில் கலந்துகொள்வது உடைந்த அணுக்கள்தான். அந்த உடைப்புதான் மொத்த வினையிலும் மெதுவாக நடக்கும் படி; மற்றவை அதற்காகக் காத்திருக்கின்றன. பொட்டாசியம் இரும்புக்கு எலெக்ட்ரான்களைத் தந்து உடைப்பை வேகப்படுத்துகிறது என்பதும் தெரிய வந்தது.

ஓர் ஆட்சேபம் பாக்கி இருந்தது. வெற்றிடத்தில் அளந்த கணக்கு, நூற்றுக்கணக்கான மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் ஓடும் உலைக்குப் பொருந்துமா? 1985-ல் டென்மார்க்கின் பெர் ஸ்டோல்ட்சேயும் யென்ஸ் நோர்ஸ்கோவும் இத்தகைய மேற்பரப்பு அளவீடுகளைக் கொண்டே உண்மையான உலையின் விளைச்சலைக் கணித்தார்கள். ஆலைக் கணக்கோடு அது ஒத்துப்போனது.

அடுத்த ஆண்டு எர்ட்ல் பெர்லினில் ஃபிரிட்ஸ் ஹாபர் ஆய்வகத்தின் இயக்குநர்களில் ஒருவரானார். அங்கே அவர் அமர்ந்தது தன் ஆசிரியர் கெரிஷர் விட்டுச்சென்ற இடத்தில். அதற்குள் அவர் கவனம் பிளாட்டினத்துக்குத் திரும்பியிருந்தது. கார்களின் புகைபோக்கியில் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனோடு சேர்த்து மாற்றும் உலோகம் அது. அந்த வினை சில நிலைமைகளில் சீராக ஓடாமல் ஏறி இறங்குவதை அவர் குழு கண்டது. வாயு படியப் படிய பிளாட்டின அணுக்களே இடம் மாறி அடுக்கிக்கொள்கின்றன. வாயு விலகியதும் பழைய அடுக்குக்குத் திரும்புகின்றன. எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியே பார்த்தபோது உலோகத்தின் மேல் சுருள் அலைகள் நகர்ந்தன. 2004-ல் அவர் ஓய்வு பெற்றார். 2007 அக்டோபர் 10, தன் 71-வது பிறந்தநாளன்று, அவ்வாண்டின் வேதியியல் நோபல் முழுவதும் தனக்கே என்ற செய்தி அவருக்கு வந்தது.