கடலூர் டு சிதம்பரம்... பஸ் கம்பி, போன், முகம்! ஃப்ளூவைத் தடுக்க 20 விநாடி போதுமா?

காலை நேரம், கடலூர் பஸ் ஸ்டாண்ட். சிதம்பரம் பஸ்ல உட்கார இடமில்லை. உங்க ஒரு கை கம்பியில, இன்னொரு கை போன்ல. பக்கத்துல நிக்கிறவர் கையைப் பொத்தித் தும்மிட்டு, அதே கையால கம்பியைப் பிடிக்கிறார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி சிதம்பரத்துல இறங்குறதுக்குள்ள நீங்க எத்தனை முறை முகத்தைத் தொட்டிருப்பீங்க?

2015-ல் ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்களை வைத்து நடந்த ஆய்வில், ஒருவர் மணிக்குச் சராசரியாக 23 முறை முகத்தைத் தொடுவது தெரியவந்தது. அதில் கிட்டத்தட்ட பாதி கண், மூக்கு, வாய். ஃப்ளூ வைரஸ் உடம்புக்குள்ள நுழையுற வாசலே இந்த மூணும்தான்.

கையில 5 நிமிஷம், கம்பியில 2 நாள்

ஆய்வகச் சோதனைகளில், ஸ்டீல், பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்புகளில் ஃப்ளூ வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை இருந்திருக்கிறது. துணி, பேப்பரில் 12 மணி நேரத்துக்குள். கையிலோ சுமார் 5 நிமிஷம்தான். ஆனா, மூக்கைத் தேய்க்க அந்த 5 நிமிஷமே தாராளம்.

இந்த வைரஸைச் சுற்றி கொழுப்பாலான ஓர் உறை இருக்கும். சோப்பு அதை உடைத்துவிடும். அதனாலதான் வெறும் தண்ணியில நனைச்சா பத்தாது.

எப்படிக் கழுவணும்?

உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நக நுனி... எல்லாத்தையும் சோப்பு போட்டு 20 விநாடி தேய்ங்க. மனசுக்குள்ள நிதானமா 20 வரைக்கும் எண்ணினா போதும். கழுவி முடிச்சதும் சுத்தமான துணியில ஈரத்தைத் துடைச்சிடுங்க. வெளியில இருந்தா, 60 சதவிகிதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள சானிடைசர் ஓகே. கையில அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தா, சோப்புதான் பெஸ்ட்.

போனை மறந்துடாதீங்க!

கையைக் கழுவிட்டு, பஸ்ல வச்சிருந்த அதே போனை எடுத்தா கதை பழையபடிதான். வீட்டுக்கு வந்ததும் போனை ஆஃப் பண்ணி, 70 சதவிகித ஆல்கஹால் வைப்ஸால துடைங்க. திரவத்தை நேரா போன் மேல ஸ்பிரே பண்ண வேண்டாம்.

கை மட்டும் போதாது

ஃப்ளூ பெரும்பாலும் இருமல், தும்மலில் வரும் துளிகள் வழியா காற்றில்தான் பரவுது. அதனால கை கழுவுறது பாதிக் கவசம்தான். மாஸ்க், முழங்கை மடிப்பில் தும்முறது, காய்ச்சல்னா வீட்டுலயே இருக்கிறது... இதெல்லாம் மீதிப் பாதி. ஐப்பசி, கார்த்திகை மழையில ஜுரம் கூடும். அடுத்து மார்கழியில சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்துக்குத் தேர் பார்க்கக் கூட்டம் அலைமோதும். அப்போ கூடுதல் கவனம் வேணும்.

முக்கியமான விஷயம் இதுதான்: அறிகுறி தெரியுறதுக்கு ஒரு நாள் முன்னாடியே நீங்க மத்தவங்களுக்குப் பரப்பலாம். உங்களுக்கு நாலு நாள் காய்ச்சலோட போயிடும். ஆனா வீட்டுல இருக்கிற 65 வயசு தாண்டிய தாத்தா பாட்டி, கர்ப்பிணி, கைக்குழந்தை, சுகர் உள்ளவங்களுக்கு அது நிமோனியா வரைக்கும் போகலாம். அவங்களுக்குக் காய்ச்சலோட மூச்சுத்திணறல் வந்தா, காத்திருக்காம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

"வெளிய போயிட்டு வந்தா கை, கால் கழுவிட்டு உள்ள வா"ன்னு வாசல்லயே பாட்டி நிறுத்துவாங்கல்ல... இனி அந்தச் சோப்பை எடுக்கறது அவங்களுக்காகவும்தான்!