கவர்னர் முதல் கணினி வரை

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தையும் பாதுகாப்பையும் புகழாத சரித்திர நூல் அரிது. போர்த்துக்கேயர் வந்தனர்; ஒல்லாந்தர் வந்தனர்; பிரெஞ்சுக்காரர் எட்டிப் பார்த்தனர்; ஆங்கிலேயர் 1795ஆம் ஆண்டில் கோட்டையைக் கைப்பற்றி, 1957 வரை அங்கே தம் கடற்படையை நிறுத்தி வைத்தனர். இவை யாவும் பள்ளி மாணவருக்கு மனப்பாடம். ஆயினும், அத்துறைமுகத்தை அடுத்த தெருக்களில், எண்ணெய்க் கறை படிந்த கராஜ்களுக்குள்ளே, எழுதப்படாத சரித்திரம் ஒன்றும் உண்டு. இயந்திரத்தை ஆள்வது எது என்னும் கேள்வியின் சரித்திரம் அது.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு கந்தளாய் வழியாகக் கொழும்பு நோக்கிப் புறப்பட்ட கூலர் வான் ஒன்று நடுவழியில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். திறப்பைத் திருகினால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. உள்ளே பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கிறது. மீன் பொறுத்திருக்காது; மீனுக்கு முற்பணம் கொடுத்த முதலாளியும் பொறுத்திருக்கமாட்டார். வண்டியைக் கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுவந்தால், அங்கே கூடிநிற்பவருள் ஒருவர், "மூளை போய்விட்டது, புது மூளை போடவேண்டும்" என்கிறார். அந்த மூளையின் விலையோ ஒரு சிறு குடும்பத்தின் பல மாத வருவாய். அத்தீர்ப்பு சரியானதா? அதற்கு விடை காணுமுன், இயந்திரத்துக்கு மூளை வந்த கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

1788ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் வாட் தமது நீராவி இயந்திரத்தில் இரண்டு இரும்புக் குண்டுகளைப் பொருத்தினார். இயந்திரம் விரைந்து சுழலும்போது குண்டுகள் வெளிநோக்கி விரியும். விரியும்போது நீராவி வரும் வழியைச் சிறிது அடைக்கும். வேகம் தணியும்போது குண்டுகள் தாழும். வழி மீண்டும் திறக்கும். தன் வேகத்தைத் தானே அறிந்து, தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் இக்கருவிக்குக் கவர்னர் என்று பெயர் வழங்கலாயிற்று. நாட்டை ஆள அனுப்பப்பட்டவருக்கும் இயந்திரத்தை ஆளப் பொருத்தப்பட்ட குண்டுகளுக்கும் ஆங்கிலேயர் ஒரே பெயரை வழங்கியது வேடிக்கையே. பின்னது தன் கடமையை ஒரு கணமும் மறந்ததில்லை என்பது மட்டும் உறுதி. 1868ஆம் ஆண்டில் மாக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் இக்கருவியின் இயக்கத்தைக் கணித முறையில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். இன்றைய கட்டுப்பாட்டியல் என்னும் துறையின் வேர்களுள் அதுவும் ஒன்று.

வலிமை மட்டும் இருந்தால் போதாது, கட்டளை ஒழுங்காகச் செல்லவேண்டும் என்பதற்குத் திருகோணமலையிலேயே ஒரு பெருஞ் சான்று உண்டு. 1944 ஆகஸ்ட் 8ஆம் நாள், 'வலியன்ட்' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் துறைமுகத்தில் இருந்த மிதக்கும் கப்பற் பட்டறைக்குள் நின்றது. பட்டறையின் தொட்டிகளில் நிரம்பிய நீரை இறைத்தால் பட்டறை மேலெழும். கப்பலும் அதனோடு எழும். தொட்டிகளைக் கப்பலின் பாரத்துக்கு ஏற்ற வரிசையில் வெறுமையாக்க வேண்டும். அவ்வரிசை பிழைத்தமையால் பட்டறையின் முதுகு முறிந்து அது நீரில் அமிழ்ந்தது என்பர். கப்பல் தப்பியது, ஆனால் அதன் உட்புறச் சுழலிகள் இரண்டும் சிக்கிக்கொண்டன. பம்புகளில் பழுது இல்லை. இரும்பிலும் பழுது இல்லை. எதை முன் செய்வது, எதைப் பின் செய்வது என்னும் கணக்கே தவறிற்று. அக்காலத்துப் பெரும் போர்க்கப்பல்களிலே பீரங்கியின் குறியைக் கணிப்பதற்குப் பற்சில்லுகளால் ஆன கணிப்பு இயந்திரங்கள் இருந்தன. கப்பலைத் தூக்கும் பட்டறைக்கு அத்தகைய கணிப்பான் இல்லை.

மோட்டார் வண்டிக்கு வருவோம். ருடோல்வ் டீசல் என்பவர் 1897இல் தமது எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். எனினும் அது லொறிகளுக்கும் வான்களுக்கும் பொருந்தும் வண்ணம் சிறியதாவதற்குத் தக்க எரிபொருட் பம்பு தேவைப்பட்டது. ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1927இல் அத்தகைய பம்புகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கிற்று. அப்பம்பின் பின்புறத்தைக் கழற்றிப் பார்த்தவர் வாட் அவர்களின் குண்டுகளையே அங்கே காணலாம். அளவில் சிறுத்து, எண்ணெயில் குளித்தவண்ணம் அவை சுழலும். பெற்றோல் வண்டியின் டிஸ்றிபியூட்டரிலும் அதே இனத்துச் சிறு எடைகள் இருந்தன. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு காலம் உலகத்து இயந்திரங்களுக்கு அறிவாக விளங்கியவை சுழலும் இரும்புத் துண்டுகளே எனலாம்.

அத்தகைய இயந்திரத்தோடு மனிதன் பேசிப் பழக முடிந்தது. கராஜ் பாஸ் ஒரு திருப்புளியின் நுனியை எஞ்சினின் மேல் வைத்து, பிடியைக் காதிலே வைத்துக் கேட்பார். எந்தச் சிலிண்டரில் குறை என்று சொல்லிவிடுவார். 1990களில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை இலங்கைத் தமிழர் மறந்திருக்கமாட்டார்கள். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைப் பற்றவைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புகையும் நாற்றமும் சகிக்க முடியாதவை. ஆனால் வண்டி நகர்ந்தது, நோயாளி வைத்தியசாலை சேர்ந்தார். கணினி ஆளும் எஞ்சினிடம் அவ்வாறு சமரசம் பேச இயலாது.

கணினி வந்த காரணமும் புகைதான். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண் எரியவைத்த புகைமூட்டத்துக்கு மோட்டார் வண்டிகளே பெருங்காரணம் என்பதை 1950களில் ஹாகன்ஸ்மித் என்னும் இரசாயன அறிஞர் நிலைநாட்டினார். எரிபொருளை அளந்து ஊட்டினாலன்றிப் புகை குறையாது. அத்துணை நுட்பமாக அளக்கக் கார்புரேற்றரால் இயலவில்லை. பென்டிக்ஸ் நிறுவனம் இலத்திரனியல் முறையில் எரிபொருள் பீச்சும் அமைப்பு ஒன்றை உருவாக்கிற்று. 1958ஆம் ஆண்டு வண்டிகள் சிலவற்றில் கிறைஸ்லர் நிறுவனம் அதனைப் பொருத்தி விற்றது. அக்காலத்து மின்னுறுப்புகள் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கவில்லை. விற்ற சில டசின் வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேற்றருக்கே திரும்பின. அம்முயற்சியின் உரிமைகள் பொஷ் நிறுவனத்தைச் சேர்ந்தன. 1967இல் வொக்ஸ்வாகன் வண்டியில் அது வெற்றியாக மலர்ந்தது. பிறகு நுண்செயலி பிறந்தது. 1981இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற தன் பெற்றோல் கார்கள் ஏறக்குறைய அனைத்திலும் கணினியை வைத்தது. பழுதைத் தானே குறித்துவைத்து, கேட்பவருக்கு எண்ணாகச் சொல்லும் அமைப்பும், அதற்கு 16 முனைகள் கொண்ட ஒரே வகைச் செருகியும் 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயின.

டீசல் வண்டி சற்றுத் தாமதித்தது. 1995இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் 'கொமன் ரெயில்' எனப்படும் முறையை லொறிகளுக்குக் கொண்டுவந்தது. எரிபொருள் ஆயிரம் வளிமண்டலங்களை விஞ்சிய அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயிலே காத்திருக்கும். கணினி கட்டளையிட்டதும் இன்ஜெக்டர் திறக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலுமாயின், செக்கனுக்கு 100 முறை எரிபொருள் பீச்ச வேண்டும். ஒவ்வொரு முறையும் எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் திறந்திருப்பது என்று புதிதாகக் கணிக்க வேண்டும். சுழலும் இரும்புக் குண்டுகளால் ஆகக்கூடிய காரியமா அது?

இலங்கையின் வீதிகளில் இம்மாற்றம் இரண்டு பெயர்களாக உருவெடுத்தது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பின்னர் ஜப்பானியப் பாவித்த வண்டிகள் பெருகி வந்தன. அவற்றுள் ரொயோட்டா ஹையேஸ் வானின் ஒரு தலைமுறையை மக்கள் 'டொல்பின்' என்று செல்லமாக அழைத்தனர். அதன் டீசல் எஞ்சின்களிற் பெரும்பாலானவை இயந்திரப் பம்பும் கவர்னரும் கொண்டவை. 2004இல் வெளிவந்த அடுத்த தலைமுறையின் டீசல் வான் 'கே.டி.எச்.' என்று பெயர் பெற்றது. அதை ஆள்வது கணினி. டொல்பினைத் திருத்திப் புகழ்பெற்ற கைகள் கே.டி.எச். வானின் முன் தயங்கி நின்றன. ஒரு தலைமுறைக் கைவினைஞர் தம் நாற்பதாவது வயதில் மீண்டும் அரிச்சுவடி படிக்க நேர்ந்தது. இதனைச் சரித்திர ஆசிரியர்கள் இன்னும் எழுதவில்லை.

இனி, கராஜில் நிற்கும் கூலர் வானுக்கு வருவோம். மூளை போயிற்று என்பது எளிதிற் சொல்லக்கூடிய தீர்ப்பு. பெரும்பாலும் தவறான தீர்ப்பு. அலுமினியப் பெட்டிக்குள் அடைபட்ட கணினி எளிதிற் சாவதில்லை. அதற்கு உணவூட்டும் வழிகளே முதலிற் கெடும். கற்ற கை முதலில் பற்றரியின் அழுத்தத்தை அளக்கும். எஞ்சின் சுற்றும்போது அது எவ்வளவு விழுகிறது என்று பார்க்கும். அடுத்து பியூஸ், அடுத்து கணினிக்கு மின்சாரம் விடும் ரிலே, அடுத்து வண்டியின் உடலோடு பிணைந்த எர்த் கம்பிகள். திருகோணமலை போன்ற கடற்கரை ஊரிலே இந்தக் கடைசிக் காரியம் முதன்மையானது. உப்புக் காற்றும் ஈரமும் செம்பைப் பச்சைக் களிம்பாக்கும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, அங்கே வண்டிகள் கடல்நீர் மேல் பாதையில் ஏறியே அக்கரை சேர்ந்தன. மீன் வண்டிக்கோ வெளியிலும் உப்பு, உள்ளிலும் உப்பு. வெறும் மீற்றரில் நன்றாகக் காட்டும் கம்பி, சுமை ஏறியதும் கைவிடும். ஆதலால் ஒரு விளக்கை எரியவிட்டு அளப்பதே முறை.

திறப்பைத் திருகியதும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்பது அடுத்த கேள்வி. எரியாவிட்டால், ஸ்கேனர் கருவிக்கும் கணினி மறுமொழி தராவிட்டால், அது இறந்ததாகவே தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். கணினி தன் உணரிகளுக்கு 5 வோல்ட் மின்சாரம் அனுப்புகிறது. உணரி ஒன்றின் உள்ளே குறுஞ்சுற்று ஏற்பட்டால், அவ்வைந்து வோல்ட்டும் வீழ்ந்து, சில வண்டிகளில் கணினியே ஊமையாகிவிடும். உணரிகளின் செருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே 5 வோல்ட் கம்பியைக் கவனித்தால், குற்றவாளி விலகிய கணத்தில் அழுத்தம் திரும்பி வரும். மிகச் சிறிய உணரி ஒன்றுக்காக, விலைமிகுந்த கணினியைக் கழற்றி எறிந்தவர் எத்தனை பேரோ!

ஸ்கேனர் எண் காட்டினாலும் அவசரம் ஆகாது. பி-0606 என்னும் எண் கணினியின் செயலியைக் குறை கூறுகிறது. யு-0100 கணினியோடு தொடர்பு அறுந்தது என்கிறது. முன்னது கிழிந்த எர்த் கம்பியாலும் தோன்றலாம். பின்னது தொடர்புக் கம்பியை எலி கடித்தாலும் தோன்றும். எண் என்பது சாட்சியின் வாக்குமூலம். தீர்ப்புச் சொல்வது அதன் வேலையன்று.

எல்லாம் பார்த்தபின் கணினியே பழுது என்று தெளிந்தால், பெட்டியைத் திறக்கலாம். சில வேளை உள்ளே கொள்ளளவிகள் கசிந்து, பலகையின் செம்புக் கோடுகளை அரித்திருக்கும். சில வேளை இன்ஜெக்டரை இயக்கும் உறுப்பு கருகியிருக்கும். கருகியதன் காரணத்தை அறியாமல் புதிய பெட்டியைப் பொருத்துவது வீண். பழுதான இன்ஜெக்டர் அதனையும் எரித்துவிடும். துருப்பிடித்த வானின் தரையை ஒட்டவைக்க, பற்றரியைக் கழற்றாமல் வெல்டிங் செய்ததும் காரணமாக இருக்கலாம். பின்பு, ஒரே பகுதி எண் கொண்ட பெட்டியைத் தேட வேண்டும். அதனை அப்படியே மாட்டினால் வண்டி பெரும்பாலும் கிளம்பாது. களவைத் தடுக்கும் பூட்டமைப்பு அப்புதியவரை அறியாது. திறப்பையும் கணினியையும் ஒன்றோடொன்று அறிமுகப்படுத்த வேண்டும். கொமன் ரெயில் எஞ்சினானால், ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் பொறித்துள்ள திருத்த எண்களையும் கணினிக்குள் எழுத வேண்டும். எழுதாவிடில் எஞ்சின் ஓடும். ஆனால் நடுங்கி ஓடும்.

இங்கே கருவியைவிட அறிவே அருமையாகிறது. அந்த அறிமுகத்தைச் செய்யும் மென்பொருள் தயாரிப்பாளரிடம் பூட்டப்பட்டிருந்தால், கடைக்கோடிக் கராஜ் என்ன செய்யும்? அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து, பழுது பார்க்கும் விவரங்களைச் சுதந்திரமான கராஜ்களுக்கும் தரவேண்டும் என்னும் சட்டத்தைப் பெற்றனர். கணினி சொல்வதை அப்படியே நம்பலாகாது என்பதற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2015 செப்டெம்பரில், வொக்ஸ்வாகன் டீசல் கார்களின் கணினி, தான் பரிசோதிக்கப்படும் வேளையை உணர்ந்து, அப்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டியது அம்பலமாயிற்று. உலகெங்கும் 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்தது. மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், ஆய்வுகூடத்தை விட்டு வீதியில் ஓடவிட்டு அளந்ததாலேயே அது வெளிப்படத் தொடங்கிற்று. காதிலே திருப்புளி வைத்த பாஸ் செய்ததும் அதுவே: வண்டி சொல்வதை வண்டியிடமே கேட்டார்.

2020 மார்ச்சில், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்திற்று. தனியார் வண்டிகளுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். அவ்வைந்து ஆண்டுகளிலும், இருந்த வான்களே ஓடவேண்டியிருந்தது. ரூபாய் வீழ்ந்தபோது உதிரிப் பெட்டியின் விலை எட்டாத உயரம் சென்றது. அப்போதுதான் மூளையை மாற்றும் பழக்கம் தளர்ந்து, மூளையைத் திறந்து பார்க்கும் பழக்கம் பல கராஜ்களில் வேரூன்றிற்று. பூதக் கண்ணாடியின் கீழே பலகையை வைத்து, களிம்பைத் தூரிகையால் துடைத்து, அரித்த செம்புக் கோட்டின் மேல் மயிரிழை போன்ற கம்பியை ஈயத்தால் ஒட்டும் இளைஞரைப் பழைய பாஸ் அருகே நின்று பார்க்கிறார். மூடியைப் பூட்டுமுன் ஓரங்களில் பிசின் பூசி, ஈரம் புகாதபடி அடைக்கிறார்கள். திறப்பைத் திருகியதும் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பின் அணைகிறது, எஞ்சின் பிடிக்கிறது.