இந்தியப் பெருங்கடலின் காந்த வரிகளும் விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரக் கற்பித்தலும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

புவியின் காந்தப்புலம், கடல்தரை விரிவு ஆகிய இரண்டும் வகுப்பறையில் பெரும்பாலும் தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. முன்னது இயற்பியலுக்கும் பின்னது புவியியலுக்கும் உரியதாகக் கருதப்படுவதே இதற்குக் காரணம். வரலாற்றில் இவ்விரண்டும் இணைந்த இடம் இந்தியப் பெருங்கடல். அவ்விணைப்பின் வரலாற்றையும், அதனை விழுப்புரம், திண்டிவனம் வட்டார மாணவர்க்கு உள்ளூர்ச் சான்றுகளின் வழியே கற்பிக்கும் வாய்ப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காந்தச் சரிவு, கடல்தரை விரிவு, கார்ல்ஸ்பெர்க் முகடு, அண்ணாமலைநகர், திருவக்கரை, கலைச்சொல்.

முன்னுரை

கண்டப் பெயர்ச்சி பற்றிய பாடம் பொதுவாக ஆல்ஃபிரட் வெக்னரில் தொடங்கும். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் பொருந்துவது முதற்சான்றாகக் காட்டப்படும். அட்லாண்டிக் நடுக்கடல் மலைத்தொடரின் படம் அதனைத் தொடரும். இம்முறையில் தவறு ஏதுமில்லை. ஆயினும், இச்சான்றுகள் அனைத்தும் தொலைநிலத்தவை என்ற எண்ணம் மாணவர் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. எவ்வாறு அறியப்பட்டது என்னும் வினா மறைந்து, யார், எந்த ஆண்டு என்னும் வினாக்களே தேர்வில் எஞ்சுகின்றன. அறிவியல் வரலாற்றை நோக்கின், இக்கோட்பாட்டின் முதன்மைச் சான்றுகளுள் இரண்டு இந்திய நிலத்திலிருந்தும் இந்தியப் பெருங்கடலிலிருந்தும் பெறப்பட்டவை என்பது புலனாகும்.

1. தென்னகத்தில் காந்த அளவீடு

புவியே ஒரு பெருங்காந்தம் என்னும் கருத்தை வில்லியம் கில்பர்ட் 1600இல் வெளியிட்டார். புவியெங்கும் ஒரே காலத்தில் காந்தப்புலத்தை அளக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவில் உருவாயிற்று. அம்முயற்சியின் பகுதியாக 1840களின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, சிம்லா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் காந்த ஆய்வகங்களை நிறுவியது. திருவிதாங்கூர் அரசின் ஆதரவில் திருவனந்தபுரத்தில் ஜான் கால்டிகாட்டும், அவருக்குப்பின் ஜான் ஆலன் பிரவுனும் காந்த அளவீடுகளை மேற்கொண்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொடைக்கானலும் இவ்வரிசையில் சேர்ந்தது.

தென்னகம் இவ்வாறு கருதப்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு. காந்த ஊசி முற்றிலும் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு காந்த நடுக்கோடு எனப்படும். அக்கோடு இந்தியாவின் தென்கோடிக்கு அருகில் செல்கிறது. அதன் மேலே ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில் பகற்பொழுதில் வலிய மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. அதன் விளைவைத் தரையிலேயே அளக்கலாம். 1957–58ஆம் ஆண்டின் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டினை ஒட்டி அண்ணாமலைநகரிலும் திருவனந்தபுரத்திலும் காந்த ஆய்வகங்கள் தொடங்கப்பட்டமைக்கு இதுவே அடிப்படை. அப்போது சிதம்பரம், விழுப்புரம், திண்டிவனம் ஆகிய மூன்றும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. ஆகவே, புவியின் காந்தப்புலத்தை அளந்த வரலாறு இவ்வட்டார மாணவர்க்கு அயலார் வரலாறு அன்று.

2. பாறையில் பதிந்த திசை

எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகும்போது அதிலுள்ள மாக்னடைட் துகள்கள் ஏறத்தாழ 580° செல்சியசுக்குக் கீழே அக்காலக் காந்தப்புலத்தின் திசையை ஏற்றுக்கொள்கின்றன. பாறை இடம்பெயர்ந்தாலும் அத்திசை அதனுள் நிலைக்கிறது. நெடுங்காலச் சராசரியில் புலத்தின் சரிவுக் கோணத்திற்கும் அகலாங்கிற்கும் எளிய தொடர்பு உண்டு: சரிவுக் கோணத்தின் டான்ஜெண்ட், அகலாங்கின் டான்ஜெண்டைப்போல் இருமடங்கு. ஆகவே, சரிவு தெரியுமாயின் பாறை தோன்றிய அகலாங்கைக் கணக்கிடலாம்.

இம்முறை இந்தியப் பாறைகளில் சோதிக்கப்பட்டது வரலாற்றுச் சிறப்புடையது. 1950களில் பிரித்தானிய ஆய்வாளர்கள் தக்காணத்தின் எரிமலைப் பாறைகளை அளந்தனர். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகிய அப்பாறைகள், தாம் தோன்றிய காலத்தில் இந்தியா நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே இருந்ததைக் காட்டின. வெக்னரின் கருத்தைப் பலரும் மறுத்துவந்த அந்நாளில், நிலம் நகர்ந்தது என்பதற்கு அளவீட்டு முறையிலான சான்று இவ்வாறு கிடைத்தது.

3. கார்ல்ஸ்பெர்க் முகடு: 1962–63

அரபிக் கடலுக்குத் தெற்கே, இந்தியாவிற்கும் ஆப்பிரிக்காவிற்கும் இடையே கார்ல்ஸ்பெர்க் முகடு எனப்படும் கடலடி மலைத்தொடர் உள்ளது. பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின் பகுதியாக 1962இல் ஓவன் என்னும் பிரித்தானியக் கப்பல் அம்முகட்டின் ஒரு பகுதியில் காந்த அளவீடு செய்தது. அப்பயணத்தில் பங்கேற்றவர் டிரம்மண்ட் மாத்யூஸ். அவரிடம் கேம்பிரிட்ஜில் முனைவர்பட்ட ஆய்வு செய்துவந்த ஃபிரெடரிக் வைன் அத்தரவுகளைக் கணிப்பொறியின் உதவியால் ஆராய்ந்தார். அங்கிருந்த இரு கடலடிக் குன்றுகளுள் ஒன்று இன்றைய புலத்தின் திசையிலும் மற்றொன்று அதற்கு எதிர்த்திசையிலும் காந்தமேறியிருப்பதை அவர் கண்டார்.

புலம் தலைகீழாக மாறியதுண்டு என்பதை ஜப்பானிய அறிஞர் மத்துயாமா 1929இல் எடுத்துரைத்திருந்தார். முகட்டில் புதிய தரை தோன்றி இருபுறமும் விலகுகிறது என்னும் கருத்தை ஹாரி ஹெஸ், ராபர்ட் டீட்ஸ் ஆகியோர் 1960களின் தொடக்கத்தில் முன்வைத்திருந்தனர். வைனும் மாத்யூசும் இவ்விரண்டையும் இணைத்தனர். விரியும் தரை, அவ்வக்காலப் புலத்தின் திசையை வரிவரியாகப் பதிந்துகொண்டே செல்கிறது என்பது அவர்தம் கருதுகோள். 1963 செப்டம்பரில் நேச்சர் இதழில் அது வெளிவந்தது. அக்கருதுகோள் உடனடியாக ஏற்கப்படவில்லை. பசிபிக் பெருங்கடலில் எல்டானின் கப்பல் எடுத்த அளவீடு, முகட்டின் இருபுறமும் வரிகள் ஒத்திருப்பதை 1966இல் தெளிவாகக் காட்டிய பின்னரே பெரும்பாலோர் உடன்பட்டனர். கருதுகோளுக்கும் ஏற்புக்கும் இடைப்பட்ட இம்மூன்றாண்டு மாணவர் அறியவேண்டிய பகுதியாகும். ஒரு கருத்து உண்மையாவது அறிஞர் பெயரால் அன்று, மீண்டும் அளந்து காணும் முறையால் என்பதை அது உணர்த்துகிறது.

4. கலைச்சொல்லும் காலமும்

தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 தொடங்கி 1963 வரை ஒன்பது தொகுதிகளாக வெளிவந்தது. பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து நிறைவேற்றிய அப்பெரும்பணி முடிவுற்ற ஆண்டும், வைன் – மாத்யூஸ் கட்டுரை வெளிவந்த ஆண்டும் ஒன்றே. ஆகவே, புவித்தட்டு இயக்கம் பற்றிய சொற்களைத் தமிழில் ஆக்கும் பொறுப்பு அதற்குப்பின் வந்த பாடநூலாசிரியர்களைச் சார்ந்தது.

கடல்தரை விரிவு, கடல்தரைப் பரவல் என்னும் இரு வழக்குகள் இன்று உள்ளன. ‘விரிவு’ என்னும் சொல் புவியே பருத்து வருகிறது என்ற மயக்கத்தைத் தரக்கூடும். ‘பரவல்’ என்பதோ இயற்பியலிலும் வேதியியலிலும் வேறு பொருளில் வழங்குகிறது. எச்சொல்லை ஆண்டாலும், முகட்டில் தோன்றும் தரை அகழியில் மீண்டும் புவியினுள் அமிழ்கிறது என்பதை உடன்கூறுதல் இன்றியமையாதது. கலைச்சொல் தரும் மயக்கத்தை நீக்குவதும் கற்பித்தலின் கடமையே.

5. வட்டாரச் சான்றுகள்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இப்பாடத்திற்குத் துணைநிற்கும் பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் நான்கு இங்குச் சுட்டப்படுகின்றன.

முதலாவது, கருங்கல். இப்பகுதியில் வெட்டப்பட்டுக் கறுப்புக் கிரானைட் என்னும் பெயரில் விற்கப்படும் கல் உண்மையில் டோலரைட் ஆகும். அதன் வேதியியல் இயைபு கடல்தரையின் பசால்ட் பாறையோடு நெருங்கியது. நூலில் தொங்கவிட்ட சிறு காந்தம் அதனருகே சற்றே இழுபடுவதை மாணவர் கண்ணால் காணலாம். பாறை எவ்வாறு திசையைத் தாங்கும் என்னும் ஐயம் அப்போது நீங்கும்.

இரண்டாவது, செஞ்சி மலை. அதன் கிரானைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. பெருங்கடல்களின் தரையிலோ பொதுவாக 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பகுதி எஞ்சவில்லை. நிலம் இத்துணைப் பழமையுடையதாகவும் கடல்தரை இளையதாகவும் இருப்பதேன் என்னும் வினாவே பாடத்தின் நுழைவாயிலாக அமையலாம்.

மூன்றாவது, திருவக்கரைக் கல்மரங்கள். 1781இல் பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னரா இவற்றைக் குறித்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பேணி வருகிறது. இம்மரங்களின் காலம் ஏறத்தாழ 2 கோடி ஆண்டு எனக் கூறப்படுகிறது. இந்தியா ஆண்டுக்கு 5 செ.மீ. வீதம் வடக்கே நகர்ந்ததாகக் கொண்டால், அக்காலத்தில் கடந்த தொலைவு 1,000 கி.மீ. ஆகும். ஓர் அகலாங்குப் பாகைக்கு 111 கி.மீ. எனக் கணக்கிட, இன்று 12° வடக்கில் உள்ள திருவக்கரை அன்று 3° வடக்கில் இருந்திருக்கும். இது தோராயக் கணக்கு. கல்மரம் பெரிதும் சிலிக்காவால் ஆனது; காந்தத் திசையைத் தாங்குவது அன்று. அது காலத்தை உணர்த்தும். அகலாங்கைத் தனித்து உணர்த்தாது. ஒரு சான்று எதனைக் கூறும், எதனைக் கூறாது என்னும் வேறுபாட்டை மாணவர் இங்குக் கற்கலாம்.

நான்காவது, சரிவு ஊசி. மேற்குறித்த தொடர்பின்படி 12° அகலாங்கில் சரிவு ஏறத்தாழ 23° இருத்தல் வேண்டும். காந்த நடுக்கோடு தெற்கே அண்மையில் செல்வதால் விழுப்புரத்தில் உண்மை அளவு அதனினும் கணிசமாகக் குறைவு. அளவு பிழைபட்டதாக மாணவர் எண்ணுவர். சூத்திரம் நெடுங்காலச் சராசரிக்கு உரியது, ஊசி காட்டுவது இன்றைய நிலை என்று விளக்குவதற்கு இதனினும் சிறந்த தருணம் இல்லை. ஒரே பாறையை அளந்து முடிவு கூறாமல் ஆய்வாளர் பல அடுக்குகளை அளப்பதன் காரணமும் இதனால் விளங்கும்.

முடிவுரை

கடல்தரை விரிவு என்பது தொலைநாட்டு அறிஞர் சிலரின் கூற்றாக மட்டும் கற்பிக்கப்படுமாயின் அது மனப்பாடப் பகுதியாகவே நின்றுவிடும். தென்னகக் காந்த ஆய்வகங்கள், தக்காணப் பாறை அளவீடு, கார்ல்ஸ்பெர்க் முகட்டின் ஆய்வு என்னும் வரலாற்று வரிசையையே பாட வரிசையாகக் கொள்வது பயனுடையது. அவ்வாறு கொள்ளின் காந்தப்புலமும் கடல்தரையும் ஒரே பாடமாக இணையும். அதற்குத் தேவையானவை பெருஞ்செலவுடைய கருவிகள் அல்ல: ஒரு சரிவு ஊசி, ஒரு டோலரைட் துண்டு, திருவக்கரைக்கு ஒருநாள் பயணம். இயற்பியல் ஆசிரியரும் புவியியல் ஆசிரியரும் ஒரே வகுப்பில் இணைந்து கற்பிக்க இசைவது இவற்றினும் முதன்மையானது. கல்மரங்களும் கருங்கல்லும் இவ்வட்டாரத்தில் காட்சிப்பொருளாகவும் விற்பனைப்பொருளாகவும் மட்டுமே அறியப்படும் நிலை மாறி, அவை சான்றுகளாக வாசிக்கப்படுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முடிபு.