பித்தும் பிழையும்

செம்பரம்பாக்கம் ஏரியை அடுத்துள்ள குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார், பன்னிரண்டாம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்தில் இரு வழக்குகள் காணப்படுகின்றன. இளவரசன் தேர்க்காலில் கன்று சிக்கியது அவன் அறியாமல் நேர்ந்தது. ஆயினும், கழுவாய் போதும் என்ற அமைச்சர் உரையை மனுநீதிச் சோழன் ஏற்றிலன். செயலையே நோக்கினான், உள்ளத்தை நோக்கவில்லை. திருவெண்ணெய்நல்லூர் வழக்கிலோ, நம்பியாரூரர் ஒரு முதியவரைப் பித்தர் என்று இகழ்கின்றார். அவையோர் அவ்வசையைப் பொருட்படுத்தாது ஓலையையே ஆராய்ந்து தீர்ப்புரைக்கின்றனர்.

செய்தவன் உள்ளத்தை எவ்வளவு நோக்குவது என்னும் வினா 1843இல் இங்கிலாந்தை உலுக்கியது. தன்னை ஆளுங்கட்சியினர் வேட்டையாடுவதாக மயங்கிய டேனியல் மக்நாட்டன், பிரதமர் இராபர்ட் பீலின் செயலர் எட்வர்டு டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றான். பித்தின் காரணமாக அவன் குற்றவாளி அல்லன் எனத் தீர்ப்பாயிற்று. எதிர்ப்பு மூளவே, பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் விளக்கம் கேட்டது. அவ்விடைகளே 'மக்நாட்டன் விதிகள்' ஆயின.

அவற்றின் சாரம் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவில் இடம்பெற்றது. செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டத்திற்கு மாறானது என்பதையோ, அதைச் செய்த வேளையில் சித்தக் கோளாற்றால் அறிய இயலாதவன் செய்தது குற்றமாகாது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் இதையே கூறுகின்றது.

நோயுண்டு என்பது மட்டும் போதாது. செயல் நிகழ்ந்த வேளையின் மனநிலையே உரைகல். 1964இல் தாக்கர் வழக்கில், முன்னர்ச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாயிருந்த கே. சுப்பா ராவ், உச்ச நீதிமன்றத்தில் இதனைத் தெளிவுறுத்தினார். சித்தத் தெளிவின்மையை எதிரியே காட்டவேண்டும். ஆயினும் அரசுத் தரப்பு குற்றத்தை மெய்ப்பிக்கும் அளவுக்கு ஐயமற மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. அவன் தந்த சான்று குற்ற நோக்கத்தின்மீது நியாயமான ஐயத்தை எழுப்பினாலே போதும். தாக்கரின் சான்று அவ்வளவிற்கும் எட்டாமையால் மேல்முறையீடு தள்ளப்பட்டது.

விடுவிப்பு என்பது வீடு திரும்புதலன்று. மக்நாட்டன் 1865இல் இறக்கும்வரை, இருபத்திரண்டு ஆண்டுகள் காப்பகங்களிலேயே கழித்தான். நம் நாட்டிலும் இவ்வாறு விடுவிக்கப்பட்டவரைப் பாதுகாப்பான காவலில் வைக்க நீதிமன்றம் ஆணையிடலாம். தண்டனைக்கு எல்லை உண்டு; இக்காவலுக்கு முன்கூட்டி வகுத்த எல்லை இல்லை.

ஆரூரர் வாயில் பிறந்த வசை பின்னர் அவர்தம் முதற்பாடலின் முதற்சொல்லாய்ச் சிறந்தது. பாவலர்க்குப் பித்து ஓர் அணி. நீதிமன்றக் கூண்டில் நிற்பவனுக்கோ, அச்சொல்லே உயிரைக் காக்கும் கேடயமும் வாழ்நாளைப் பூட்டும் கதவுமாகும். அதனை எளிதாய்ப் பாடுவோர் இவ்வெடையையும் எண்ணுதல் நன்று.