இலக்கும் கருவியும்: கர்நாடகத்தின் கடுஞ்சட்டங்களும் எதிர்க்கட்சி வரிசையும்

2020 டிசம்பர் 9 அன்று கர்நாடகச் சட்டப்பேரவையில் பசுவதைத் தடுப்பு மசோதா வந்தது. அலுவல் ஆய்வுக் குழுவில் பேசப்படாத மசோதாவை, படித்துப் பார்க்கப் பிரதிகூடக் கொடுக்காமல் கொண்டுவருவதா என்று எதிர்க்கட்சித் தலைவர் சித்தராமையாவும் காங்கிரஸ் உறுப்பினர்களும் கேட்டனர். பிறகு அவையைப் புறக்கணித்தனர். மசோதா அன்றே நிறைவேறியது. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகபட்சம் ஆறு மாதமாக இருந்த சிறைத்தண்டனை, மூன்று முதல் ஏழு ஆண்டுகளாக உயர்ந்தது. மேலவையில் தாமதமானதால் ஜனவரியில் அவசரச் சட்டமாகி, 2021 பிப்ரவரி 8 அன்று கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் மேலவையையும் கடந்தது.

ஐந்தாண்டு கழித்து, 2025 டிசம்பரில், பெலகாவி கூட்டத்தொடரில் வரிசைகள் இடம் மாறியிருந்தன. உள்துறை அமைச்சர் ஜி. பரமேஷ்வரா வெறுப்புப் பேச்சுத் தடுப்பு மசோதாவைக் கொண்டுவர, எதிர்க்கட்சித் தலைவர் ஆர். அசோகாவும் பாஜகவினரும் இது எங்கள் வாயை அடைக்கும் சட்டம் என்றனர். ஏழு ஆண்டு வரை சிறை, பிணையில் விட முடியாத குற்றம். அதுவும் அமளிக்கிடையே நிறைவேறியது. காங்கிரஸ் அன்று எதிர்த்த பசுவதைச் சட்டமோ, அக்கட்சி 2023இல் ஆட்சிக்கு வந்த பிறகும் நீக்கப்படவில்லை.

வரிசை மாறினால் பேச்சும் மாறும் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. கடுஞ்சட்டம் ஒன்றை எதிர்க்கும் உறுப்பினர் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: இது யார்மேல் பாயும்? எப்படிப் பாயும்? முதல் கேள்வி செய்தித்தாளில் வரும், வாக்கும் தரும். இரண்டாவது, காவல் நாட்கள் எத்தனை, பிணைக்கான சுமை யார்மேல், வாக்குமூலம் யார்முன், சட்டம் எப்போது காலாவதியாகும் என்ற சள்ளைபிடித்த விவரங்களுக்குள் இறங்கும். நம் அவைகள் முதல் கேள்வியில் மட்டுமே கைதேர்ந்தவை. அதனால்தான் நேற்று எதிர்த்தவர் இன்று அதே கருவியை எடுக்கும்போது, தர்க்கப்படி அவர் முரண்படுவதே இல்லை. அவர் எதிர்த்தது இலக்கை. இலக்கு மாறிவிட்டால் ஆட்சேபமும் தீர்ந்துவிடுகிறது.

இதற்குப் பெங்களூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டதை அடுத்து, 1975 ஜூன் 26 காலை, நாடாளுமன்றக் குழுக் கூட்டத்துக்கு வந்து சட்டமன்ற உறுப்பினர் விடுதியில் தங்கியிருந்த வாஜ்பாயும் அத்வானியும் கைதாகி நகரின் மத்தியச் சிறைக்குப் போனார்கள். விசாரணையின்றி அடைத்து வைக்க வழிசெய்த மிசா சட்டம் 1971இல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோதே அதை எதிர்த்தவர் வாஜ்பாய். கர்நாடகப் பேரவையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த தேவே கௌடாவும் அதே சிறையில் அடைபட்டார். மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான சினேகலதா ரெட்டி அங்கே ஆஸ்துமாவோடு மாதக்கணக்கில் கிடந்து, வெளியே வந்த சில நாட்களில், 1977 ஜனவரியில் இறந்தார். (அந்தச் சிறை வளாகம்தான் இன்றைய சுதந்திரப் பூங்கா. நகரத்தில் ஆர்ப்பாட்டம் செய்யக் காவல்துறை ஒதுக்கித் தந்திருக்கும் இடமும் அதுவே.)

நெருக்கடிநிலையில் கைதானவர்களில் ராமகிருஷ்ண ஹெக்டேயும் ஒருவர். 1983இல் அவர் முதல்வரானார். தேவே கௌடா அவருடைய அமைச்சரவையில் இருந்தார். அந்த ஆட்சியில்தான், 1985இல், கர்நாடகத்தின் குண்டர் சட்டம் வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் தமிழ்நாட்டில் வந்த 14ஆம் எண் சட்டத்தின் சாயலைப் பெயரமைப்பிலேயே காணலாம்: கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர், குடிசைநில அபகரிப்பாளர் என்று ஒரு பட்டியல். இலக்கைப் பார்த்தால் யாருக்கும் ஆட்சேபம் எழாது. கருவியைப் பார்த்தால் மிசாவின் உறவு முறை தெரியும். விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். மாநகரக் காவல் ஆணையரே ஆணையிடலாம். அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தந்தால் போதும். ஆலோசனைக் குழுமத்தின் முன் வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமை கிடையாது. 'குண்டர்' என்பதற்கான வரையறை அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 8ஆம் அத்தியாயத்தையும் தொட்டது. சட்டவிரோதமாகக் கூடுதல் என்ற குற்றம் அந்த அத்தியாயத்தில்தான் இருந்தது. அரசியல் ஊர்வலம் போனவர்கள் அனைவருக்கும் பழக்கமான குற்றம் அது. 2014இல் சித்தராமையா அரசு இந்தப் பட்டியலை அமிலவீச்சு, நில அபகரிப்பு, பாலியல் வன்முறை, டிஜிட்டல் குற்றம், வீடியோ திருட்டு என நீட்டியது. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதற்கு எந்த ஆட்சியும் தயங்கியதில்லை.

தில்லியிலும் கதை வேறல்ல. 2002இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவின் மசோதாவை நடத்திச் சென்றவர் உள்துறை அமைச்சர் அத்வானி; பிரதமராக இருந்தவர் வாஜ்பாய். மாநிலங்களவையில் தோற்ற மசோதாவை மார்ச் 26 அன்று கூட்டுக் கூட்டம் கூட்டி 425க்கு 296 என்று நிறைவேற்றினார்கள். காங்கிரஸ் கடுமையாக எதிர்த்தது. பொடாவின்படி காவல் கண்காணிப்பாளர் முன் தரும் வாக்குமூலம் சாட்சியமாகும். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள்வரை அவகாசம் உண்டு. இதே பருவத்தில், எஸ்.எம். கிருஷ்ணாவின் காங்கிரஸ் அரசு நடந்த பெங்களூரில், மகாராஷ்டிரத்தின் மோகாவைப் பார்த்து எழுதிய அமைப்புசார் குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், சுருக்கமாக கோகா, 2002ஆம் ஆண்டின் 1ஆம் எண் சட்டமாக வெளிவந்தது. அதன் 19ஆம் பிரிவிலும் கண்காணிப்பாளர் முன் வாக்குமூலம். 22ஆம் பிரிவிலும் 180 நாள். தில்லியில் எதிர்த்த அதே இரண்டு விதிகளை அதே கட்சி பெங்களூரில் எழுதி வைத்தது. பொடாவுக்காவது மூன்றாண்டு ஆயுள் வரம்பு இருந்தது. கோகாவுக்கு அதுவும் இல்லை.

அந்த ஆயுள் வரம்பு வந்த விதம் என் வாதத்துக்கு முக்கியம். 2001இல் அவசரச் சட்டமாக வந்தபோது ஐந்தாண்டு என்றிருந்தது. தகவல் சொல்லாமல் இருப்பதைக் குற்றமாக்கி, பத்திரிகையாளர்களை அச்சுறுத்திய உட்பிரிவு ஒன்றும் இருந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு காலம் மூன்றாண்டானது, அந்த உட்பிரிவு போயிற்று. விமர்சனம் விதியைத் தொட்ட இடத்தில் விதி நகர்ந்தது. 'சிறுபான்மையினருக்கு எதிரான சட்டம்' என்ற பெரிய குற்றச்சாட்டு, அது நியாயமானதாகவே இருந்தாலும், மசோதாவில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி பொடாவை நீக்கிவிட்டு அதன் பல விதிகளைச் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான உபாவுக்குள் குடியேற்றியது. காவல்துறை வாக்குமூலம் மட்டும் வெளியே நின்றது. 2008இல், மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, 180 நாளும் கடும் பிணை நிபந்தனையும் திரும்பி வந்தன.

பொடாவை ஆதரித்த கூட்டணியில் வைகோவும் இருந்தார். நான்கே மாதத்தில், 2002 ஜூலையில், திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக ஜெயலலிதா அரசு அவரை அதே சட்டத்தில் கைது செய்தது. 19 மாதம் வேலூர்ச் சிறை. 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பொடாவைச் செல்லும் என்று சொன்னபோதும், பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் எண்ணம் இருந்தால்தான், அவர்மேல் பாய்ந்த 21ஆம் பிரிவு பொருந்தும் என்று வரம்பு கட்டியது. அந்த ஒரு வரியை மசோதா நிலையிலேயே சேர்க்கச் சொல்ல வைகோவால் முடிந்திருக்கும். கூட்டணித் தர்மம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இத்தகைய மௌனத்தைத்தான்.

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான வழக்கும் பெங்களூரிலேயே இருக்கிறது. 2017 செப்டம்பர் 5 அன்று ராஜராஜேஸ்வரி நகரில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் சுட்டுக்கொல்லப்பட்டார். சிறப்புப் புலனாய்வுக் குழு கோகாவைப் பயன்படுத்தியது. 2021இல் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர்மீது கோகா பொருந்தாது என்றது உயர் நீதிமன்றம். கௌரியின் தங்கை கவிதா லங்கேஷ் உச்ச நீதிமன்றம் போனார். அக்டோபர் 21 அன்று அந்தத் தீர்ப்பு ரத்தானது. கடுஞ்சட்டங்களைக் காலமெல்லாம் எதிர்த்துவந்த பலர் அன்று ஆறுதல் அடைந்தார்கள். நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். கொலைக்குப் பின்னால் இயங்கிய வலைப்பின்னலை மொத்தமாக வழக்குக்குள் கொண்டுவர சாதாரணச் சட்டம் போதாது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் வலைப்பின்னலை நிறுவ உதவும் விதியும், கண்காணிப்பாளர் முன் வாக்குமூலம் வாங்கும் விதியும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை நீக்கலாம். அந்தப் பிரிப்பைச் செய்வதற்குரிய இடம் சட்டமன்றத்தின் தேர்வுக் குழு. பிரதி கையில் வந்த நாளிலேயே மசோதா நிறைவேறும் அவையில் அந்த வேலைக்கு இடமே இல்லை. ஆகவே 2020இல் காங்கிரஸ் எழுப்பிய நடைமுறை ஆட்சேபமே அன்றைய எதிர்ப்பின் மிகக் கூர்மையான பகுதி என்பேன். அதை விட்டுவிட்டு வெளிநடப்புக்குப் போனது இழப்பு.

கருவியையே திருத்த முனைந்த முயற்சி ஒன்று நம் அரசமைப்பில் அரைகுறையாகக் கிடக்கிறது. மிசாவில் கிடந்தவர்கள் ஆட்சிக்கு வந்து, 1978இல் 44ஆம் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். அதன் 3ஆம் பிரிவு, ஆலோசனைக் குழுமத்தின் கருத்து இல்லாமல் அடைத்து வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது; குழுமத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கச் சொன்னது. நடைமுறைக்கு வரும் தேதியை மட்டும் மத்திய அரசின் அறிவிக்கைக்கு விட்டார்கள். ஜனதா அரசு அறிவிக்கவில்லை. பின்வந்த எந்த அரசும் அறிவிக்கவில்லை. தேசியப் பாதுகாப்பு அவசரச் சட்டத்தில் அடைபட்ட தன்பாத் இடதுசாரி எம்.பி. ஏ.கே. ராய் இதை உச்ச நீதிமன்றத்தில் எழுப்பினார். தேதி குறிக்கும்படி அரசுக்கு ஆணையிட முடியாது என்று 1981 டிசம்பரில் பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டனர். அந்த அறிவிக்கையை வெளியிட நாடாளுமன்றப் பெரும்பான்மை வேண்டியதில்லை, விவாதம் வேண்டியதில்லை. மத்திய அமைச்சரவையில் இடம்பெறும் எந்தக் கட்சியிடமும் அதன் பழைய எதிர்க்கட்சிப் பேச்சுகளை முன்வைத்து இதைக் கேட்கலாம்.