சாங்கிச் சிறையின் மூன்று போர்வைகள்

வரலாற்றுக்குச் சான்று தேடுவோர் பெரும்பாலும் கல்வெட்டுக்களையும் செப்பேடுகளையும் அரசாங்கப் பத்திரங்களையுமே நாடிச் செல்வர். ஆயின், ஊசியும் நூலுங் கொண்டு எழுதப்பட்ட சான்றுகளும் உலகில் உள. அத்தகைய சான்றுகள் மூன்றைப் பற்றியே இன்று கூற விரும்புகின்றேன்.

குளிர் நாடுகளிலே துணித்துண்டுகளைச் சதுரஞ் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்துத் தைத்துப் போர்வை செய்யும் வழக்கம் தொன்றுதொட்டு உண்டு. பல பெண்கள் கூடி ஆளுக்கொரு சதுரமாகத் தைப்பர். ஐக்கிய அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தபொழுது, காயமுற்ற போர்வீரருக்காக வீடுகளிலும் ஆலயங்களிலும் பெண்கள் இவ்வாறு போர்வைகள் தைத்து அனுப்பினர். சிலர் தம் சதுரத்திலே தம் பெயரையும் பொறித்தனர். முன்பின் அறியாத வீரன் ஒருவனுக்கு, “உன்னை நினைக்க ஒருத்தி இருக்கின்றாள்” என்று அப்பெயர் சொல்லிற்று. போர்க்களத்துப் பாவனையில் தேய்ந்து அழிந்தமையால் அவற்றுள் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். 1942 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆந் திகதி அந்நகர் யப்பானியர் கையில் வீழ்ந்தது. மலாயாவில் உத்தியோகம் பார்த்த பிள்ளைகளின் கடிதத்துக்காக யாழ்ப்பாணத்து வீடுகள் பல ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த காலம் அதுவே. மார்ச்சு மாதத்திலே ஐரோப்பியப் பெண்களும் பிள்ளைகளும் கால்நடையாகச் சாங்கிச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அச்சிறை 600 கைதிகளுக்கென்று கட்டப்பட்டது. அடைக்கப்பட்டவரோ அதனினும் பன்மடங்கினர். ஆடவரும் பெண்டிரும் வெவ்வேறு பகுதிகளிற் பிரித்து வைக்கப்பட்டனர். படையிலிருந்த கணவன்மாரோ சிறைக்கு அப்பால், சாங்கிப் படைமனைகளிலே போர்க்கைதிகளாய் இருந்தனர். தொலைவு சிறிதே. எனினும், மனைவி உயிரோடு இருக்கின்றாளா என்று கணவன் அறியான். கணவன் இருக்கின்றானா என்று மனைவி அறியாள். செய்தி அனுப்ப வழியில்லை.

அச்சிறையில் இருந்த பெண் சாரணியர் ஏறக்குறைய இருபதின்மர், எட்டு முதற் பதினாறு வயதினர், தம் தலைவியின் பிறந்தநாளுக்கென்று துணித்துண்டுகளால் இரகசியமாக ஒரு போர்வை தைத்தனர். அதனைக் கண்டே, செஞ்சிலுவைப் பணியில் ஈடுபட்டிருந்த எதெல் மல்வேனி என்னும் கனடா நாட்டுப் பெண்மணிக்கு ஓர் எண்ணம் உதித்தது எனக் கூறுவர். படை வைத்தியசாலையிற் கிடக்கும் காயமுற்றோருக்குப் போர்வைகள் தைத்துக் கொடுத்தால் என்ன? போர்வைக்கு வாயில் திறக்குமன்றோ?

ஒவ்வொரு பெண்ணுக்கும் வெள்ளைத் துணிச் சதுரம் ஒன்று கொடுக்கப்பட்டது. உன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றை அதிலே தைத்து உன் பெயரையும் இடு என்பதே கட்டளை. பூந்தோட்டம் தைத்தார் சிலர். விட்டு வந்த வீட்டைத் தைத்தார் சிலர். பதினேழு வயதினளான ஷீலா அலன் என்பவள் அவுஸ்திரேலியாவின் வரைபடத்தையும் கங்காருவையும் தைத்தாள். வேறொருத்தி சிறையறையையே தைத்து, அதற்குச் சாங்கி விடுமுறை விடுதியெனப் பெயருஞ் சூட்டினாள்! பசித்த வயிற்றோடு செய்த பரிகாசம் அது. போர்வைக்கு 66 சதுரமாக மூன்று போர்வைகள் உருவாயின. காவலர் கண்ணுக்கு அவை கைவேலை. வைத்தியசாலையில் அவற்றை விரித்து நோக்கிய வீரருக்கோ, அவை இன்னின்னார் உயிரோடிருக்கின்றனர் என்ற பெயர்ப்பட்டியல்.

பிரித்தானிய வீரருக்கு ஒன்று. அவுஸ்திரேலிய வீரருக்கு ஒன்று. மூன்றாவது யாருக்கு? காயமுற்ற யப்பானிய வீரருக்கு! அவர்தம் துன்பத்துக்கு இரங்குகின்றோம் என்ற வாசகமும் அதன் பின்புறத்தே தைக்கப்பட்டது. இது கருணையா, தந்திரமா என நேயர்கள் வினவலாம். ஏனைய இரண்டும் வெளியே செல்வதற்கு அனுமதி பெறவே இம்மூன்றாவது தைக்கப்பட்டது என்பர். அதில் உண்மை இருக்கலாம். ஆயினும், தம்மைச் சிறையிட்டவரின் காயத்துக்கு இரங்கும் சொற்களை எழுத்தெழுத்தாகத் தைப்பதற்கு வெறுந் தந்திரம் போதுமா? ஒரே செயலில் இரண்டும் கலந்திருத்தல் மனித இயல்பே என்பது எளியேனின் கருத்து.

அவுஸ்திரேலியப் போர்வையின் பின்புறத்திலே, போர் ஓய்ந்தபின் இதனைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டுமென்று எழுதியிருக்கின்றது. அதனோடு, நீரில் நனைக்காது உலர்சலவை செய்தல் நன்று என்ற குறிப்பும் உண்டு! நாளை விடியுமா என்று அறியாத இடத்திலே, போர் முடிந்த பின்னும் சாயம் போகாதிருக்க வேண்டுமே என்று கவலைப்பட்ட உள்ளத்தை என்னென்பது! அப்பெண்கள் 1944 இல் வேறு முகாமுக்கு மாற்றப்பட்டனர். 1945 செப்தெம்பரிலே சிங்கப்பூரில் யப்பானியர் சரணடைந்தனர். போர்வைகள் மூன்றும் பிழைத்தன. ஒன்று பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் உளது. அவுஸ்திரேலிய வீரருக்கும் யப்பானிய வீரருக்கும் எனத் தைத்த இரண்டும் கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியப் போர் நினைவகத்திற் பேணப்படுகின்றன.

இவ்வழக்கம் இன்றும் மறையவில்லை. ஈராக்குப் போருக்கு மகனை அனுப்பிய அமெரிக்கத் தாயொருத்தி 2003 இல் தொடங்கிய தொண்டு முயற்சியின் மூலம், வீரர் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இத்தகைய போர்வை பெற்றுள்ளனர்.

நேயர்களே! போர் எதற்காக மூண்டது, யார் வென்றார் என்பதை நாம் மாணவருக்குக் கற்பிக்கின்றோம். இழந்த ஒருவரின் செய்திக்காகக் காத்திருத்தல் எத்தகையது என்பது நம் நாட்டாருக்குக் கற்பிக்க வேண்டியதன்று; அதனை அறியாத ஊர் இங்கு அரிது. அதனாலேயே, 198 துணிச் சதுரங்களில் ஏறிய சில பெயர்கள் நமக்கும் உரியவை போலத் தோன்றுகின்றன. பெயரும் ஓர் உயிர்ச்செய்தியன்றோ?