கொட்டமுத்து எண்ணெய்: விளக்குக்கு முதல், காலுக்குக் கடைசி

போன மாசம் சென்னையில இருந்து ஒரு தங்கச்சி போன் பண்ணாங்க. "அண்ணா, உங்க வயல்ல ஆமணக்கு இருக்குன்னு எழுதியிருந்தீங்களே, ஒரு கிலோ விதை அனுப்புங்க. மிக்ஸில அரைச்சு முகத்துக்குப் பூசணும்"னு கேட்டாங்க. அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டேன். காரணத்தைப் போன்ல முழுசாச் சொல்ல முடியல. அதான் இந்தப் பதிவு.

எங்க சேலம் பக்கம் ஆமணக்கு விதைக்குக் கொட்டமுத்துன்னு பேரு. எண்ணெய்க்கு எல்லா ஊரிலும் விளக்கெண்ணெய்தான். பேரிலேயே விஷயம் இருக்கு. இது முதலில் விளக்குக்கான எண்ணெய். மேலுக்குத் தேய்ப்பதெல்லாம் பிறகு வந்தது.

எங்க ஆயா எண்ணெய் காய்ச்சுவதை நான் சின்னப் பையனா இருந்தப்போ பார்த்திருக்கேன். காய்ந்த முத்தை இரும்புச் சட்டியில் வறுத்து, உரலில் போட்டு இடிப்பாங்க. இடிச்சதைத் தண்ணியோடு பெரிய பானையில் கொதிக்க வைப்பாங்க. எண்ணெய் மேலே மிதந்து வரும். அதை அகப்பையால் வழித்து எடுத்து, திரும்பவும் அடுப்பில் வைத்து, சடசடப்பு அடங்குற வரைக்கும் காய்ச்சணும். தண்ணி கொஞ்சம் நின்றாலும் எண்ணெய் கெட்டுப்போயிடும். அன்னைக்கு முழுக்க வீட்டுப் பக்கம் யாரும் வர முடியாது, அப்படி ஒரு நாத்தம்.

எடுத்த எண்ணெயைப் பங்கு வைப்பதில் ஒரு வரிசை இருந்தது. சாமி மாடத்து விளக்குக்கு முதல் பங்கு. அடுத்தது மாட்டு வண்டி அச்சுக்கு; வைக்கோல் கரியைக் குழைத்து வண்டி மை செய்வாங்க. அப்புறம் கவலை இறைக்கிற தோலுக்கு, அது காய்ந்து வெடிக்காம இருக்கணுமே. நுகத்தடி உரசி மாட்டுக் கழுத்தில் புண் வந்தா மஞ்சளோடு குழைத்துப் போடுவாங்க. மிச்சம் இருந்தாத்தான் மனுஷன் கால் வெடிப்புக்கு. செத்த மாட்டுத் தோலுக்கே உயிரோடிருக்கிற ஆள் தோலை விட முன்னுரிமை! எண்ணெய் காய்ச்சின ஆயாவோட குதிகால், களிமண் வயல் கோடையில பிளந்த மாதிரியே கடைசி வரைக்கும் இருந்தது.

இது எங்க வீட்டு வழக்கம்னுதான் ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். ஆமணக்கோட கதையைத் தேடிப் படிச்சப்பதான் எகிப்திலும் ஏறக்குறைய இதே வரிசைன்னு தெரிஞ்சது.

ஆமணக்கின் சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா பக்கம்னு சொல்றாங்க. எகிப்தில் கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட 'ஈபர்ஸ் பாப்பிரஸ்' என்ற மருத்துவச் சுருளில் இதுக்குத் தனிப் பகுதியே இருக்கு. வயித்துப் போக்குக்கு விதை, பெண்களுக்கு முடி வளர எண்ணெய், தோல் புண்ணுக்கு எண்ணெய்ப் பூச்சு எல்லாம் அதில் உண்டு. முடி வளர விளக்கெண்ணெய்னு இன்னைக்கு வர்ற விளம்பரத்துக்கு வயசு மூவாயிரத்து ஐநூறு! அது நிஜமா முடியை வளர்க்கும்னு சொல்ல இன்னைக்கும் உறுதியான ஆதாரம் இல்லை என்பது வேற விஷயம்.

ஆயிரம் வருஷம் கழிச்சு, கி.மு. 5-ஆம் நூற்றாண்டில், கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எகிப்தைப் பத்தி எழுதினார். சதுப்பு நிலத்து மக்கள் இந்த எண்ணெயை உடம்பில் பூசினாங்க, விளக்குக்கும் இது ஆகும், ஆனா நாத்தம் தாங்காதுன்னு சொல்றார். எண்ணெய் எடுக்க ரெண்டு வழி குறிப்பிடுறார்: இடிச்சுப் பிழிவது ஒண்ணு, வறுத்துக் கொதிக்க வைப்பது இன்னொண்ணு. ரெண்டாவது எங்க ஆயா செஞ்சதேதான். படிச்சப்போ அந்தப் பானை நாத்தம் திரும்ப மூக்கில் ஏறின மாதிரி இருந்தது.

அப்புறம் அரசாங்கம் உள்ளே வந்தது. கி.மு. 259-இல் இரண்டாம் தாலமி ராஜா காலத்து வருவாய்ச் சட்டம், எள், ஆமணக்கு உள்ளிட்ட எண்ணெய்களை அரசின் ஏகபோகமாக ஆக்கிடுச்சு. எவ்வளவு விதைக்கணும், என்ன விலைக்கு விற்கணும் எல்லாம் அதிகாரி சொல்றதுதான். வேலை இல்லாத நேரத்தில் செக்குக்கு முத்திரை வெச்சுடுவாங்க. நம்ம சோழர் கல்வெட்டுகளில் வர்ற செக்கிறை ஞாபகம் வருது. எண்ணெய் ஓடுற இடத்தில் வரி ஓடாமலா இருக்கும்?

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஸ்ட்ராபோ எழுதினதுதான். ஏசு பிறந்த காலத்தை ஒட்டி எழுதின நிலவியல்காரர். எகிப்தில் அனேகமா எல்லாரும் இதை விளக்குக்கு எரிச்சாங்க, உடம்பில் பூசினது ஏழைகளும் பாடுபடுற ஆம்பளை பொம்பளைகளும் மட்டும்தான்னு சொல்றார். நல்ல எண்ணெய் வாங்க முடியாதவங்க தோலுக்கு விளக்கு எண்ணெய்!

தோலுக்கு இது ஏன் ஒத்துப்போச்சுன்னா, இதோட கொழகொழப்புதான். இந்த எண்ணெயில் ரொம்பப் பெரிய பங்கு ரிசினோலிக் அமிலம். அதனால்தான் மத்த எண்ணெயை விட இவ்வளவு கெட்டி. வெடிச்ச தோல் மேல போர்வை மாதிரி உட்கார்ந்து ஈரத்தை வெளியே விடாது. "வெண்டைக்காயை விளக்கெண்ணெயில் போட்ட மாதிரி"ன்னு நாம பேச்சைத் திட்டுறோமே, அந்தக் குணம்தான் மருந்து.

19-ஆம் நூற்றாண்டில் நம்ம நாட்டு ரயில்வேயே விளக்குக்கும் சக்கரத்துக்கும் இதைப் பயன்படுத்தியது. மண்ணெண்ணெய் வந்ததும் விளக்கு வேலை போச்சு. ஆனா பெட்ரோலோடு சுலபமாக் கலக்காத எண்ணெய் என்பதால் ஆகாய விமானம் பிடிச்சுக்கிச்சு. 1914-18 போரில் பறந்த சுழல் இன்ஜின்களுக்கு இதுதான் மசகு. 1909-இல் வந்த 'காஸ்ட்ரால்' என்ற பேரே காஸ்டர் ஆயிலில் இருந்து வந்ததுதான். எங்க வண்டி மைக்கும் அதுக்கும் ஒரே தாய்.

இப்போ வரிசை தலைகீழ். உங்க லிப்ஸ்டிக், கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்க. 'ரிசினஸ் கம்யூனிஸ்', 'ஹைட்ரஜனேட்டட் காஸ்டர் ஆயில்' என்று ஏதாவது இருக்கும். ரிசினஸ்னா லத்தீனில் உண்ணி. மாட்டு மடியில் ஒட்டிக்கிட்டிருக்கும் உண்ணி மாதிரியே விதை இருப்பதால் அந்தப் பேர். பாடுபட்டவங்க தோலுக்குக் கடைசியில் கிடைச்ச எண்ணெய், இன்னைக்குச் சின்னச் சின்ன டப்பாவில் வந்து நிற்குது.

சரி, தங்கச்சிக்கு ஏன் விதை தரல? அந்த விதைக்குள் ரிசின் என்ற கொடிய விஷம் இருக்கு. அது புரதம். எண்ணெயில் கரையாம பிண்ணாக்கில் தங்கிடும், நல்லாச் சூடு பண்ணினா கெட்டுப்போகும். எங்க ஆயாவுக்கு ரிசின் தெரியாது, ஆனா காய்ச்சாம ஒரு சொட்டும் வெளியே விட்டதில்லை. எங்க வீட்டில் ஒரு தடவை உரத்துக்குக் கொட்டி வெச்ச பிண்ணாக்கில் வாய் வெச்ச வெள்ளாடு விடியறதுக்குள்ள செத்துப்போச்சு. மிக்ஸியில் அரைச்சா விஷமும் சேர்ந்தேதான் அரையும். அதோட தூசியே சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். வீட்டில் குழந்தை இருந்தா நினைச்சுப் பார்க்கவே பயமா இருக்கு.

"கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாரு"ன்னு சொல்றோம். கதிரடிச்ச தூசிக்கு ஆயா நிஜமாவே எங்க கண்ணில் ஊத்தியிருக்காங்க. இப்போ நான் பேரனுக்கு ஊத்துறதில்லை. பச்சைக் குழந்தை மூக்கில் எண்ணெய் விடுவதை நானே நிறுத்தச் சொல்லியிருக்கேன், நுரையீரலுக்குள் போயிடும். ஆயா மேல மரியாதை குறைஞ்சதா அர்த்தம் இல்லை. காய்ச்சுறதில் அவங்க கணக்கு சரி, மூக்கில் ஊத்துறதில் தப்பு.

ஒரு காலத்தில் சேலம் ஜில்லாவில் கடலைக் காட்டு ஓரமெல்லாம் ஆமணக்கு நிற்கும். ஏத்தாப்பூரில் இதுக்கும் மரவள்ளிக்கும் சேர்த்தே ஆராய்ச்சி நிலையம் இருக்கு. காட்டை மரவள்ளி பிடிச்சுக்கிச்சு. 1968-இல் குஜராத்தில் வீரிய ஒட்டு ரகம் வந்த பிறகு ஆமணக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. இன்னைக்கு நாட்டின் விளைச்சலில் பெரும்பங்கு அவங்களோடதுதான்.

நான் கடலைக்கு ஓரத்தில் இன்னும் நாலு வரிசை போடுறேன். எண்ணெய்க்கு இல்லை. புரோடீனியா தாய்ப்பூச்சி கடலையை விட்டுட்டு ஆமணக்கு இலையில் முட்டை வைக்கும், இலையோடு கிள்ளி எடுத்துடலாம். முத்தை வியாபாரிக்குப் போட்டுட்டு, கால் வெடிப்புக்கு ஆத்தூர் கடையில் பாட்டில் வாங்கிட்டு வர்றேன். தங்கச்சிக்கும் அதையே வாங்கச் சொன்னேன்.